வலப்பக்கத்து மலைகள்

மலை ரயிலில் போகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தவள் நான். அப்படிப்பட்டவள் இன்னும் ஒன்பது நாள் காத்திருக்க மாட்டாளா என்று அந்த அலுவலகம் நினைத்ததில் தப்பே இல்லை.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று புரியாது. நான் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். காலை ஏழுக்கு உள்ளே போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவேன். என் வீட்டுக்காரர் ரொட்டிக் கூடத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். நான் வீடு திரும்புவதற்கு முன்பே அவர் கிளம்பிவிடுவார். காலையில் நான் பஸ் ஏறும் நிறுத்தத்தில் அவர் இறங்குவார். அங்கே எங்களுக்கு நாலு நிமிஷம் கிடைக்கும். சமையல் எரிவாயு தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, வாடகை கேட்டு ஆள் வந்தது என்று எல்லாவற்றையும் அந்த நாலு நிமிஷத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

வார லீவு எனக்கு ஞாயிறு. அன்று பகல் முழுக்க அவர் தூங்குவார், நான் பூனை மாதிரி நடப்பேன். அவருக்குப் புதன். அன்று நான் வந்து தலையைச் சாய்த்தால் விடியும்வரை அசைய மாட்டேன். "உங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்ததே பெரிய அதிசயம்" என்று என் நாத்தனார் கிண்டல் செய்வாள். அந்த அதிசயம் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறது.

இப்படி இருக்கையில் ரொட்டிக் கூடத்து அடுப்பில் விரிசல் விழுந்தது. புது அடுப்பு கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். நான் என் மேற்பார்வையாளரிடம் போய் நின்று, கெஞ்சி, கொஞ்சம் அழுதும் காட்டி, அதே ஒன்பது நாளை வாங்கிவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கப் போகிறோம்.

"எங்கே போகலாம்?" என்று அவர் கேட்டார்.

"மலை ரயில்ல போகலாங்க. போய்த் திரும்ப ஆறு மணி நேரமாம். ஒரு வேலையும் கிடையாது, பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வெளியே பார்த்துக்கிட்டே போகலாம். பேசத் தோணுச்சுன்னா பேசலாம்."

எனக்கு மலை கூட அவ்வளவு முக்கியமில்லை. அந்த ஆறு மணி நேரம்தான் வேண்டியிருந்தது.

மலை ரயிலுக்கு மற்ற ரயில்களைப் போல டிக்கெட் வாங்க முடியாது. ரயில் நிலையத்தின் மாடியில் மலைக்காட்சிப் பயணத் திட்டமிடல் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பயணத்தைத் திட்டமிட்டு, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ரயில். முதல் நாள் காலை குளித்து, நல்ல உடை உடுத்தி, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு படியேறினோம். பையைக் கூட எடுத்துக்கொண்டு போயிருந்தோம். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கி ஒரு இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பிறகு ஆளுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படிவக் கட்டைத் தள்ளினாள்.

நாலாம் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. எந்தக் கிலோமீட்டரில் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள், எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், அங்கே என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் அங்கே போனாத்தானேம்மா தெரியும்?"

"தெரியாம எப்படி சார் போவீங்க?" என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே கவலைப்பட்டாள். "எதைப் பார்க்கப் போறோம்னு தெரியாம போய், வேற எதையாவது பார்த்துட்டா?"

அன்று சாயங்காலம்வரை ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினோம். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. எதிர்ச் சுவரில் இருந்த ஒரே ஜன்னலையும் கோப்பு அலமாரி மறைத்திருந்தது.

மறுநாள் திட்ட அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் மாட்டியிருந்தார். கடைசிவரை அவர் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி நான் பார்க்கவில்லை. எங்களுக்குள் அவருக்கு இரட்டைக் கண்ணாடி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

"ரெண்டு பேருமே இடது பக்கம் பார்க்கிறதா எழுதியிருக்கீங்க" என்றார்.

"அருவி இடது பக்கம்தானேங்க வருது?"

"எல்லாருக்கும் அருவி வேணும். ஒரு தடவை வண்டியில இருந்த இருநூறு பேரும் இடது பக்கம் சாஞ்சுட்டாங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருந்தா யார் பதில் சொல்றது? அதனால அன்னையிலிருந்து சமநிலை விதி. சரிபாதி இடப்பக்கப் பார்வையாளர், சரிபாதி வலப்பக்கப் பார்வையாளர். தம்பதியா வந்தா ஆளுக்கு ஒண்ணு. சார் இடது. நீங்க வலது."

"வலது பக்கம் என்ன சார் இருக்கு?"

"மலைதான்" என்றார், கொஞ்சம் கோபத்தோடு. "அதுவும் மலைதான். யாராவது பார்த்தாகணும் இல்லையா?"

என் வீட்டுக்காரர் பணிவாக ஒன்று கேட்டார். "சார், உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிச்சது?"

இரட்டைக் கண்ணாடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அந்த ரயில்ல ஏறினதே இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு தடவை கூட ஏறல. ஏறினா என்ன ஆகும்? எனக்கும் ஒரு இடம் பிடிச்சுப் போயிடும். அப்புறம் வர்ற மனுவையெல்லாம் அந்தக் கண்ணோட பார்ப்பேன். நடுநிலை போயிடும். மலையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன்தான் மலையைப் பத்தி முடிவு எடுக்கணும். இந்த அலுவலகத்துல எல்லாருமே அப்படித்தான். அதுல எங்களுக்குப் பெருமை."

நாங்கள் இரண்டு பேரும் பெருமையாகத் தலையாட்டினோம். வேறு என்ன செய்வது?

மூன்றாம் நாள் ஆச்சரிய உறுதிமொழி. பயணத்தில் எத்தனை முறை வாய்விட்டு வியப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டு என்று போட்டேன். மலையை அவமதிப்பதாகத் திருப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தாராளமாகப் பதினாலு போட்டார். பக்கத்து இருக்கைக்காரருக்கு இடைஞ்சல் என்று அதையும் திருப்பிவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரி நான்தான், எனக்கு இடைஞ்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். "நீங்கதான் பக்கத்து சீட்டுன்னு இன்னும் முடிவாகலையே மேடம்" என்றாள் கவுண்டர் பெண். கடைசியில் ஆளுக்கு ஏழு என்று சமாதானம் ஆனோம்.

நாலாம் நாள்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஒத்திகை அறை என்று கூட்டிப்போனார்கள். உள்ளே மரத்தால் செய்த ஒரு ரயில் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே நீளமான துணியில் மலைகளை வரைந்து இரண்டு உருளைகளில் சுற்றியிருந்தார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுழற்றினால் மலை நகரும். காட்சியைச் சரியாகப் பார்க்கத் தெரிகிறதா என்று பரீட்சை. உள்ளே ஏற்றி வெளியிலிருந்து தாழ் போட்டார்கள்.

பதினேழாம் கிலோமீட்டரில் மலை நின்றுவிட்டது. கைப்பிடிக்காரர் சாப்பிடப் போய்விட்டார். கூப்பிட்டோம், தட்டினோம். ஒன்றரை மணி நேரம் அந்தத் துணி மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன் உச்சியில் யாரோ கையைத் துடைத்த எண்ணெய்க் கறை இருந்தது. புழுக்கம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு அது.

கதவு திறந்ததும் நான் கத்தினேன். இரட்டைக் கண்ணாடி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நின்னுபோன மலையையும் பார்க்கத் தெரியணும்மா. நாங்க அதைத்தான் சோதிச்சோம்" என்று சொல்லி எனக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு போட்டார். தூங்கிய என் வீட்டுக்காரருக்கு அமைதியாக இருந்ததற்காக எழுபது.

அன்றைக்கே போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. "எங்க அட்டையைக் கொடுங்க, நாங்க வேற எங்கேயாவது பஸ்ல போயிக்கிறோம்" என்றேன்.

கவுண்டர் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பயணத்தை ரத்து செய்யணுமா? அதுக்கு வேற படிவம். ஆனா பயணம் அனுமதி ஆன பிறகுதான் ரத்து செய்ய முடியும். அனுமதியே ஆகாததை எப்படி மேடம் ரத்து செய்யறது?"

"அப்போ அனுமதி ஆகிறவரைக்கும்?"

"காத்திருக்கணும். தினம் காலை ஒன்பதுக்கு வந்து கையெழுத்துப் போடணும். ஒரு நாள் வரலைன்னா மனு கைவிடப்பட்டதா ஆயிடும். கைவிடப்பட்ட மனுவோட அட்டைகள் தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். அங்கேயிருந்து எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

அடையாள அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழையவே முடியாது. படியிறங்கி வீட்டுக்குப் போனோம். ஐந்தாம் நாள் அதிகாரிகள் எல்லாரும் திட்டமிடலைத் திட்டமிடுவது பற்றிய கூட்டத்தில் இருந்தார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாள் உடன்பயணச் சோதனை. பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமானால், இரண்டு பேரும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடமா கேள்வி? உங்கள் கணவர் எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவார்? வலப்பக்கம். குறட்டை உண்டா? மல்லாந்தால் மட்டும். தூக்கத்தில் என்ன செய்வார்? இடது கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருப்பார். மளமளவென்று எழுதினேன்.

ஐந்தாவது கேள்வி: அவர் எதைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்? பேனா நின்றுவிட்டது. ஆறாவது: சாப்பிடும்போது எதைக் கடைசியாகச் சாப்பிடுவார்? ஏழாவது: கடைசியாக எதை நினைத்து வருத்தப்பட்டார்? உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ எழுதிக் கொடுத்தேன்.

இரட்டைக் கண்ணாடி எங்களை ஒன்றாக உட்காரவைத்து முடிவைப் படித்தார். தூக்கம் பற்றிய நாலு கேள்வியில் இரண்டு பேருமே நாலுக்கு நாலு. மற்ற எட்டிலும் இரண்டு பேருமே பூஜ்யம்.

"இது விசித்திரமான கேஸ்" என்றார். "ஒருத்தர் தூங்குறப்போ இன்னொருத்தருக்கு நல்லாத் தெரியுது. முழிச்சிருந்தா தெரியல. காட்சி பார்க்கிறது முழிச்சிருக்கிறவங்க வேலை. நான் எப்படிம்மா பக்கத்து சீட்டு கொடுக்கிறது?"

என் வீட்டுக்காரர் என் தாளை வாங்கிப் படித்தார். கடைசியாக எதை நினைத்து வருத்தப்பட்டார் என்ற கேள்விக்கு நான் 'அடுப்பு விரிசல்' என்று எழுதியிருந்தேன். "அடுப்பு விரிசல் விட்டதுக்கு நான் சந்தோஷப்பட்டேன்டி" என்றார் மெதுவாக. இரட்டைக் கண்ணாடி எதிரில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விதியில் இதற்கும் ஒரு வழி இருந்தது. மூன்று நாள் கண்காணிப்பு. நாங்கள் அந்தப் பெஞ்சில் ஒன்பது முதல் நாலுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்து, நாங்கள் பேசுவதையும் பார்ப்பதையும் ஒரு தாளில் கோடு போட்டுக் குறிப்பார். முதல் நாள் அவர் முன்னால் பேச்சே வரவில்லை. வீடு, குழாய், வாடகை என்று வழக்கமான நாலு நிமிஷத்தைப் பேசி முடித்துவிட்டு விழித்தோம். பிறகு என் வீட்டுக்காரர் தன் முதலாளி அடுப்புக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொன்னார். நான் சலவை இயந்திரத்தில் ஒரு டாக்டரின் பல்செட் கிடைத்த கதையைச் சொன்னேன். அவர் பெஞ்சிலிருந்து சரிந்து விழுகிற மாதிரி சிரித்தார். ஐந்தாவது கேள்விக்கு விடை அது. பல்செட் கதையைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு அடங்காது. கண்காணிப்பாளர் ஒரு கோடு போட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை நாலரைக்கு எங்கள் திட்டம் பாஸ் ஆனது. இரட்டைக் கண்ணாடி எழுந்து நின்று கைகொடுத்தார். இருக்கை முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நாளைக் காலை எட்டு மணி வண்டி.

"நாளைக்கா? சார், எங்க லீவு இன்னையோட முடியுது. இன்னைக்கு சாயங்காலமே இவருக்கு அடுப்பு பத்த வைக்கணும். விடிஞ்சா நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

"லீவு பத்தி எங்க படிவத்துல கேள்வியே கிடையாதே" என்றார் அவர், ஆச்சரியமாக. "சரி, ரெண்டு பேர்ல ஒருத்தராவது போகணும். யாருமே போகலைன்னா திட்டத்தை வீணாக்கின குற்றம். அட்டை கிடைக்காது."

ரத்துப் படிவத்தைக் கேட்டேன். அதைப் பரிசீலிக்க ஒன்பது நாள் ஆகும் என்றாள் கவுண்டர் பெண். வேலை இடங்களுக்குப் போன் போட்டுக் கேட்டோம். இரண்டு இடத்திலும் திட்டினார்கள். நீங்க போங்க, நீ போ என்று படிக்கட்டிலேயே சண்டை போட்டோம். கடைசியில், அடுப்பு வேலை முடிந்து நேரே வண்டியேற அவரால் முடியும், என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. அவர் போவதாக எழுதி வாங்கிக்கொண்டு என் அட்டையை அப்போதே கொடுத்தார்கள்; அவருடையது வண்டி திரும்பிய பிறகுதான்.

அடுத்த நாளுக்கு அடுத்த நாள் காலை, பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "எப்படிங்க இருந்துச்சு?"

"ஏறினதுமே தூங்கிட்டேன். ஒருத்தர் வந்து எழுப்பி எழுப்பி இடது பக்கம் பாருங்கன்னாரு. பார்த்தேன், திரும்பத் தூங்கிட்டேன். ஏழு தடவை ஆஹான்னு சொல்ல வச்சுட்டுத்தான் விட்டாங்க."

"பக்கத்துல யாரு உட்கார்ந்தா?"

"யாரையும் விடல. சீட்டுல உன் பேரு ஒட்டியிருந்துச்சு. ஆறு மணி நேரமும் காலியாவே வந்துச்சு."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அன்று மடித்த விரிப்புகளில் பாதியைத் திரும்ப மடிக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'இருக்கை எண் முப்பத்திரண்டின் வலப்பக்கப் பார்வையாளராகிய தாங்கள் பயணம் செய்யாத காரணத்தால், பன்னிரண்டாம் கிலோமீட்டர் முதல் நாற்பத்தாறாம் கிலோமீட்டர் வரையிலான வலப்பக்கத்து மலைகள் தங்கள் பங்கிற்குப் பார்க்கப்படாமல் விடப்பட்டன. இதற்கான விளக்கத்தை இரு மனுதாரர்களும் ஒருசேர நேரில் வந்து அளிக்க வேண்டும்.' அடியில் சின்ன எழுத்தில், விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களை அன்று வேலையிலிருந்து விடுவிப்பது வேலை கொடுப்போரின் கடமை என்று இருந்தது.

கடிதத்தை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். மலைக்குப் போக லீவு கேட்டபோது என்னை அழவைத்த அதே மனுஷி, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "விசாரணையா? ஐயையோ, முதல்ல அதைப் போய் முடிச்சுட்டு வாம்மா. முழு நாளும் எடுத்துக்கோ." ரொட்டிக் கூடத்திலும் அப்படியேதான் நடந்ததாம்.

அந்த நாள் காலை நாங்கள் ஒன்றாக வீட்டைப் பூட்டினோம், ஒன்றாகப் பஸ் ஏறினோம். அதே பெஞ்ச். எங்களைக் கூப்பிட மூன்று மணி ஆகும் என்றார்கள். "பரவாயில்லை" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு டப்பாவில் அவர் எதைக் கடைசிக்கு மிச்சம் வைக்கிறார் என்று பார்த்தேன். அவித்த முட்டையின் மஞ்சள்கரு.

மூன்று மணிக்கு ஆளுக்கொரு விளக்கப் படிவம் கொடுத்தார்கள். பதினெட்டு பக்கம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கூடத் திருப்பி அனுப்பப்படும் என்று முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. பதினோராம் பக்கத்தில் தேதி எழுத ஒரு கட்டம். அதன் மேல் பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி மற்றதையெல்லாம் ஒழுங்காக நிரப்பினேன்.

முடித்துவிட்டு அவர் படிவத்தை எட்டிப் பார்த்தேன். பெயர், முகவரி, கிலோமீட்டர், காரணம் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தியிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கவுண்டர் பெண் இரண்டு கட்டுகளையும் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இத்தனை தடவை வந்தும் ஒரு படிவம் ஒழுங்கா எழுத வரலையே" என்று ஓங்கி முத்திரை குத்தினாள். "அடுத்த மாசம் பதினாலாம் தேதி. காலையில ஒன்பதுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வந்தாகணும், சாக்குப்போக்கு எதுவும் கூடாது."

"கட்டாயம் வரோம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.